கேட்ட மொழியில் பதில்

1

விசில் சத்தம். உள்ளே பட்டாணி உருளும் விசில். ஊதுகிறவர் நிறுத்திய பிறகும் அந்தப் பட்டாணி ஒரு கணம் தடதடத்துவிட்டுத்தான் அடங்கும்.

வேல்ஸின் எல்லையோரத்தில் ஒரு புல்மேடு. மஞ்சள் மழைக்கோட்டு போட்ட பிள்ளைகள் மேடு முழுக்கச் சிதறியிருந்தார்கள். சத்தம் கேட்டதும் ஓடிவந்து இரண்டிரண்டு பேராக நின்றார்கள். நானும் ஓடினேன். நாற்பத்தெட்டு வயது, முழங்கால் வலி, ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்து வந்த உடம்பு. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்த அம்மாக்களில் ஒருத்தி நான். வரிசையின் கடைசியில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டேன்.

எனக்கு முன்னால் நின்ற சிறுமி திரும்பிப் பார்த்து, "நீங்கள் நிற்க வேண்டாம், நீங்கள் பெரியவர்" என்றாள். மிகவும் மரியாதையாகச் சொன்னாள். என் மகள் தாமரை நான்கு வரிசைக்கு அப்பால் தன் காலணியின் கயிற்றைக் குனிந்து சரிசெய்தாள். அந்தக் கயிறு அவிழ்ந்திருக்கவே இல்லை.

அந்த மேடு இயற்கையானது அல்ல. ஆயிரம் வருஷத்துக்கும் முன்னால் ஓர் அரசன், இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் நான் என்று எழுப்பிய மண்கரை. இப்போது ஆடு மேய்கிறது. ஆசிரியை கரையைக் காட்டினார், பள்ளத்தைக் காட்டினார், பள்ளத்தில் தேங்கிய தண்ணீரைக் காட்டினார். பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. தண்ணீருக்கு அவரவர் வீட்டு மொழியில் என்ன சொல்வீர்கள், சொல்லுங்கள் பார்ப்போம்.

வேல்ஸ் மொழியில் ஒருத்தி சொன்னாள். வங்காள மொழியில் ஒருத்தி சொன்னாள். ஆசிரியை தாமரையிடம் வந்தார்.

"எனக்கு அந்த மொழி தெரியாது" என்றாள் தாமரை.

அன்று காலையில்தான் மாடிப்படியிலிருந்து அவள் கத்தியிருந்தாள்: "அம்மா, என் சாக்ஸ் ஒண்ணுதான் இருக்கு, இன்னொண்ணு எங்க போய்த் தொலைஞ்சுது?"

தண்ணீர் என் காலணிக்குள் ஏறியிருந்தது. அது எப்போது ஏறியது என்று எனக்குத் தெரியவில்லை.

2

இந்த நாட்டில் பள்ளிக்கூடத்துப் பயணம் என்றால் முதலில் காகிதம் வரும். பிள்ளைக்கு என்ன ஒவ்வாது, அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும், கடைசியாக வீட்டு மொழி. அதற்கு ஒரே ஒரு கட்டம், கட்டைவிரல் நகம் அளவுக்கு. பதினெட்டு வருஷமாக ஏதேதோ படிவங்களில் அந்தக் கட்டத்தை நிரப்பி வருகிறேன். ஒவ்வொரு முறையும் பேனா ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் இறங்கும். எழுதுவதில் சந்தேகம் இல்லை. கட்டத்தின் மேல்தான் நம்பிக்கை இல்லை.

ஊரில் இதைப் படிக்கிறவர்களில் எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆந்திராவின் தெற்கு எல்லையில், விஜயபுரத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் எங்கள் ஊர். வீட்டில் தமிழ். சந்தையில், மணியக்காரர் முன்னால், தாலுகா கச்சேரியில் தெலுங்கு. யார் எந்த மொழியில் கேட்டாலும் அந்த மொழியிலேயே பதில் சொல்வோம். அது எங்கள் ஊர் மரியாதை. வந்தவருக்குத் தண்ணீர் கொடுப்பதுபோல அவருடைய மொழியைத் திருப்பிக் கொடுப்பது. தெலுங்கில் கேட்டவருக்குத் தமிழில் பதில் சொன்னால் முதுகில் ஒன்று விழும். "பெரியவங்க கேக்கிறாங்க, எதிர்த்தா பேசற?" என்பார் நைனா. நைனா என்றால் எங்கள் பக்கத்தில் அப்பா.

அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. இங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிழவி, படுக்கையிலிருந்து வேல்ஸ் மொழியில் ஏதோ கேட்டாள். அந்நிய மொழி காதில் விழுந்ததும் என் நாக்கு தானாகத் தாவிவிட்டது. "ஒஸ்தானம்மா, ஒஸ்தானு" என்றேன், வருகிறேன் வருகிறேன் என்று, சுத்தமான தெலுங்கில். கிழவி திருப்தியாகத் தலையசைத்துத் தூங்கிப்போனாள்.

3

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளிக்கிழமைகளில் ஒருவர் சைக்கிளில் வருவார். பின்னால் தகரப் பெட்டி கட்டியிருக்கும். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் பெட்டி சார். எங்கள் வாத்தியார் இல்லை அவர். ஊர் ஊராகப் போய் இயற்கையும் சரித்திரமும் காட்டுவதற்கு வைத்திருந்த தற்காலிக ஆள். புத்தூர்ப் பக்கத்துக்காரர், எங்களைப் போலவே வீட்டில் தமிழ் பேசுகிறவர், முப்பது வயதுகூட இருக்காது. சிரித்தால் ஒரு பல் மட்டும் வரிசை தப்பித் தெரியும்.

பெட்டி திறந்தால் பாம்புச் சட்டை. தூக்கணாங்குருவிக் கூடு. பச்சை படிந்த செப்புக்காசு. உள்ளங்கையில் அடங்காத ஒரு கல்.

"இது இன்னா சார், கல்லு தானே? எங்க ஊட்டாண்ட நெறைய கீது" என்றேன். எனக்குப் பதினொரு வயது. வாய் கொஞ்சம் நீளம்.

"உங்க ஊட்டாண்ட இருக்கிறது கல்லு. இது கோடாலி. பிடிச்சுப் பார்."

பிடித்தேன். கட்டைவிரல் போய் உட்கார ஒரு குழி, விரல்களுக்கு ஒரு சரிவு. எனக்காகவே செதுக்கிய மாதிரி இருந்தது.

"சத்தியவேட்டுக் காட்டாண்ட கிடைச்சுது. எழுத்து வர்றதுக்கு முன்னால, ராஜாங்க வர்றதுக்கு முன்னால. இதைப் பிடிச்ச கை என்ன பாஷை பேசிச்சுன்னு யாருக்கும் தெரியாது" என்றார் பெட்டி சார்.

யாருக்கும் தெரியாது என்று அவர் சொன்ன விதத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. தெரியாததைக்கூட இவ்வளவு அழகாகச் சொல்ல முடியுமா? அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து நான் அவரை முழுசாக நம்பினேன். ஒரு பிள்ளை நம்புவதைப் போல பெரியவர்களால் நம்ப முடியாது. மிச்சம் வைக்காமல் நம்புகிறேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

4

அது எல்லை வழக்கு நடந்த காலம். ஆந்திரா தனி ராஜ்யமாகிச் சில வருஷம் ஆகியிருந்தது. எங்கள் பக்கத்து ஊர்கள் அங்கேயா, மெட்ராஸ் பக்கமா என்பது மட்டும் தீரவில்லை. இரண்டு பக்கத்துப் பெரிய மனிதர்களும் மனு எழுதிக்கொண்டிருந்தார்கள். பெரியவர்கள் கூடினால் இதே பேச்சு. "நாம மெட்ராஸ்ல கீறமா ஆந்திரால கீறமான்னு நம்ம வேர்க்கடலைக்குத் தெரியுமாய்யா?" என்று நைனா சிரிப்பார். ஆனால் பள்ளிக்கூடத்துத் தமிழ் வகுப்பு என்ன ஆகும் என்று யாராவது கேட்டால் அவர் சிரிப்பு நின்றுவிடும். வீட்டில் முதன்முதலாகப் படிக்கிறவள் நான். நான் தமிழில் எழுதிப் படித்துக் காட்டினால் அவர் துண்டை மடியில் போட்டுக்கொண்டு நீதிபதி மாதிரி உட்கார்ந்து கேட்பார்.

பெட்டி சார் ஒரு வேலை கொடுத்தார். ஆளுக்கொரு நோட்டு. ஊரில் உள்ள மரம், பறவை, மாடு, உறவு எல்லாவற்றுக்கும் வீட்டில் என்ன சொல்கிறீர்களோ அப்படியே எழுத வேண்டும், புத்தகத்தில் இருப்பதுபோல அல்ல. நல்ல நோட்டு திருப்பதியில் நடக்கும் பொருட்காட்சிக்குப் போகும், பேர் போட்டு.

பிறகு விசில் ஊதி எங்களை ஏரிக்கரைக்கு நடத்திப் போனார். கால் புதையும் களிமண், கோரைப்புல், தலைக்கு மேல் நாரை. கரையின் நடுவில் பழைய மதகு. மதகின் பக்கவாட்டுக் கல்லில் எழுத்து இருந்தது. தினமும் அதன்மேல்தான் துணி துவைத்தோம், யாரும் பார்த்ததில்லை.

பட்டம் செய்கிற தாளைக் கல்லின்மேல் விரித்து, அடுப்புக்கரியால் மெல்லத் தேய்க்கச் சொன்னார். தேய்க்கத் தேய்க்கக் கறுப்புக்குள்ளிருந்து வெள்ளையாக எழுத்து எழுந்து வந்தது. தண்ணீருக்குள்ளிருந்து மீன் மேலே வருமே, அப்படி. வளைந்த எழுத்து, புள்ளி இல்லாத எழுத்து, ஆனால் தமிழ். பெட்டி சார் விரல் வைத்துப் படித்தார். இந்த ஏரியைக் காக்கிறவனுடைய பாதத்தைத் தன் தலைமேல் வைத்துக்கொள்வதாக யாரோ எப்போதோ சொல்லியிருந்தார்.

"நம்ம ஊர்க் கல்லு தமிழ் பேசுது சார்!" என்றேன்.

"ஆமாம்மா. நீதான் பேச வெச்சே."

அந்தத் தாளைச் சோற்றுப் பசை தடவி நோட்டின் நடுப்பக்கத்தில் ஒட்டினேன். வார்த்தைப் பட்டியல் முன்பக்கங்களில் இருந்தது. அப்பாவுக்கு நைனா. கன்றுக்குட்டிக்குத் தூட. ஏரிக்கு ஏரி, அதையே செருவு என்றும் சொல்வோம் என்று நேர்மையாக எழுதினேன். அப்படியே எழுதச் சொன்னாரே.

என் நோட்டு தேர்வானது. பெட்டி சார் அதை வாங்கிப் பெட்டியில் வைத்துத் தாழ்ப்பாள் போட்டார்.

5

திருப்பதிக்கு நானும் நைனாவும் பஸ்ஸில் போனோம். ஒரு சத்திரத்துக் கூடத்தில் நீளமாக மேஜை போட்டுப் பிள்ளைகளின் நோட்டுகளை வைத்திருந்தார்கள். என் நோட்டுக்குப் பக்கத்தில் கல்கோடாலி. நான் அதற்குக் காவல்போல நின்றேன். நைனா கூடத்தின் மறுகோடியில், சுவரோரம், என் செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றார். புதுச் செருப்பு. வெளியே விட்டால் போய்விடும் என்று பயம்.

கோட்டு போட்ட ஒருவர் வந்தார். கூட இரண்டு பேர். அவர்கள் தெலுங்குப் பக்கத்து மனுவுக்கு ஆதாரம் திரட்டுகிறவர்கள் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. என் நோட்டைப் பிரித்தார். நைனா, தூட, செருவு, தெலுங்கிலும் இருக்கிற வார்த்தைகள். அந்த வார்த்தைகளுக்குக் கீழே ஏற்கெனவே சிவப்புப் பென்சில் கோடு இருந்தது. பரிசுக் கோடு என்று நினைத்தேன்.

"மீ ஊரு பேரேமி பாப்பா?" என்று கேட்டார்.

தெலுங்கில் கேட்டார், தெலுங்கில் சொன்னேன். ஊர்ப் பேர், ஏரியின் பேர், நைனா பேர், எத்தனை மாடு. நன்றாகச் சொன்னேன். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கோட்டுக்காரர் மேஜைக்குப் பின்னால் நின்ற பெட்டி சார் பக்கம் திரும்பினார். "ஈ பில்லக்கு அரவம் வச்சா?"

தமிழைத் தெலுங்குக்காரர்கள் அரவம் என்பார்கள். இந்தப் பெண்ணுக்குத் தமிழ் வருமா என்பது கேள்வி.

பெட்டி சார் என்னைப் பார்த்தார். அந்த வரிசை தப்பிய பல் தெரியவில்லை. பிறகு பெட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அரவம் ராது சார்."

தமிழ் வராது.

எனக்கு முதலில் கோபம் வரவில்லை. மறந்துபோய்ச் சொல்லிவிட்டார் என்றுதான் நினைத்தேன். திருத்திவிடலாம் என்று முன்னால் போய் நின்றேன். "நாக்கு வச்சு சார்! நாக்கு அரவம் பாகா வச்சு!" என்றேன்.

எனக்குத் தமிழ் நன்றாக வரும். அதைத் தெலுங்கில் சொன்னேன். கேட்டவர் தெலுங்கில் அல்லவா கேட்டார்? பெரியவரை எதிர்த்தா பேசுவது?

மூவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். கோட்டுக்காரர் என் கன்னத்தைத் தட்டினார். என் தெலுங்கு அவருக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

அப்புறம்தான் மதகுக் கல்லின் ஞாபகம் வந்தது. கல் தமிழ் பேசுமே! நோட்டைப் பிடுங்கி நடுப்பக்கத்தைத் திருப்பினேன். பட்டத்தாள் இல்லை. காய்ந்த சோற்றுப் பசையின் தடம் இருந்தது. அதில் கரி படிந்த தாள் ஓரம் நகம் அளவுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. நிதானமாகக் கிழித்திருந்தார்கள். தையலுக்குக்கூடச் சேதம் இல்லை.

"இதுல எழுத்து இருந்துதே சார்?" இதை மட்டும் தமிழில் கேட்டேன், பெட்டி சாரை.

அவர் கோட்டுக்காரரிடம் தெலுங்கில் சொன்னார், ஏதோ பாறைக் கீறல், பிள்ளைகள் விளையாட்டு என்று. என்னிடம் எதுவும் சொல்லவில்லை. எந்த மொழியிலும்.

6

திருச்சானூர் கோயில் குளத்துப் படியில் உட்கார்ந்து நைனா பொட்டலத்தைப் பிரித்தார். "துன்னு" என்றார். நான் தொடவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

"சொல்றவன் சொல்லிகினு போறான். நீ இன்னாத்துக்கு அழற?"

"நான் தமிழ்லயே சொல்லியிருக்கணும் நைனா."

"அவரு தெலுங்குல கேட்டாரு, நீ தெலுங்குல சொன்ன. நான் கத்துக் குடுத்தது தானே அது? அதுல தப்பு இன்னா கீது?" செருப்பு இன்னும் அவர் கையில் இருந்தது. "அந்த ஆளுக்குத் தெரியும் இல்ல? உனக்கு வரும்னு?"

"தெரியும்."

"அப்போ தப்பு அங்க கீது" என்றார். சொல்லிவிட்டு என் செருப்பைப் படியில் வைத்தார்.

ஒரு சிறுமியின் நோட்டை வைத்து யாரும் எல்லைக்கோடு போடவில்லை. இப்போது தெரியும். தமிழ்ப் பக்கத்து மனுக்காரர்களும் தெலுங்கு வீடுகளில் இதே வேலையைச் செய்திருப்பார்கள், அதுவும் தெரியும். ஆனால் தீர்ப்பு வந்து எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றபோது, அது என் வாயால் நின்றது என்று நம்பினேன். அடுத்த வருஷம் தமிழ் வாத்தியாருக்கு மாற்றல். தமிழ் வகுப்புக்கு ஆள் வரவில்லை. அந்த அறையில் விதைக்கடலை மூட்டை அடுக்கினார்கள். நான் தெலுங்கில் படித்தேன், நன்றாகவே படித்தேன். நைனா துண்டை மடியில் போட்டு உட்கார்ந்தபோது படித்துக்காட்ட எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. தெலுங்குப் பாடம் அவருக்கும் புரியும்தான். அவர் கேட்கவில்லை.

பெட்டி சார் அப்புறம் வரவேயில்லை. வேலை நிரந்தரமாகி நகரத்துக்குப் போய்விட்டார் என்றார்கள்.

7

மண்கரைக்குப் போய்வந்த அன்று சாயங்காலம் தாமரையின் ஈரச் சாக்ஸை ஹீட்டரின்மேல் உலர்த்தினேன். இரண்டும் இருந்தன.

"ஏண்டி தெரியாதுன்னு சொன்ன?"

அவள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் சொல்வாள். எங்கள் ஊர் மரியாதை அவள்வரை வந்து சேரவில்லை. "ஒரு வார்த்தை சொன்னால் பத்து வார்த்தை கேட்பார்கள். பிறகு வருஷம் முழுக்க நான் அதுவாகவே இருக்க வேண்டும்."

"அதுக்காகத் தெரியாதுன்னா?"

"அது வீட்டுக்குள்ள இருக்கட்டும்மா" என்றாள் திடீரென்று தமிழில். "அவங்க வெச்சு வெளையாடறதுக்கா?"

என் நோட்டைப் பற்றி நான் அவளிடம் சொன்னதே இல்லை.

"நீ எப்பவாச்சும் அப்படிச் சொல்லியிருக்கியா? உனக்குத் தமிழ் தெரியாதுன்னு?"

"சே, நான் ஏன் சொல்றேன்?" என்றேன்.

பொய். மகளிடம் சொன்ன பொய்யை உங்களிடம் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தூரத்தில் இருக்கிறீர்கள். அது சௌகரியம்.

8

இந்த நாட்டுக்கு நர்ஸாகப் புறப்படுவதற்கு முன்னால் சான்றிதழ்களின் நகலில் ஓர் உயர் அதிகாரியின் கையெழுத்து வேண்டியிருந்தது. திருப்பதியில் ஓர் அலுவலகத்தைச் சொன்னார்கள். அங்கே இருக்கிற ஆபீசர் நல்லவர், அலையவிட மாட்டார் என்று. பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து உள்ளே போனேன்.

முதலில் மேஜையைத்தான் பார்த்தேன். காகிதங்கள் பறக்காமல் இருக்க அவற்றின்மேல் ஒரு கல். கட்டைவிரலுக்குக் குழி, விரல்களுக்குச் சரிவு.

தலை நரைத்திருந்தது. கண்ணாடி. என்னை அவருக்குத் தெரியவில்லை. பதினொரு வயது முகம் இருபத்தொன்பதில் எங்கே இருக்கும்? ஒவ்வொரு தாளாகக் கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, ஊதி உலர்த்தினார். என் ஊர்ப் பேரைப் பார்த்ததும் பேனா நின்றது.

"விஜயபுரத்துப் பக்கமா? அடடே!" தமிழில் சொன்னார். நிமிர்ந்தபோது அந்தப் பல் தெரிந்தது. "அங்க ஒரு ஏரி இருக்குமே? பழைய மதகு? அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கெல்லாம் சைக்கிள்ல பெட்டி கட்டிக்கினு வந்திருக்கேம்மா. அதெல்லாம் ஒரு காலம்."

நான் மேஜைமேல் இருந்த கல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எம்மாம் தூரம் போறே, ஒண்டியாவா?" கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இங்க நம்ம பேச்சு பேசறதுக்கு ஆளே இல்லம்மா. என் பசங்களே பேசறது இல்ல. ரெண்டு வார்த்தை பேசிட்டுத்தான் போயேன். காதுல கேட்டு எத்தினி நாளாச்சு!"

அவர் உண்மையாகக் கேட்டார். அந்த முகத்தில் இருந்தது பசி, வேறொன்றும் இல்லை. அதை நான் பார்த்தேன், பார்க்காமல் சொன்னேன் என்று சொல்லமாட்டேன். மதகைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பட்டத்தாள் எங்கே என்று கேட்டிருந்தால்கூட அவர் தப்பித்திருப்பார். இரண்டுமே தமிழில் இருந்திருக்கும்.

தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டேன். கல்கோடாலியை ஒரு முறை தொட்டேன். என் கை வளர்ந்திருந்தது, குழி இப்போது கட்டைவிரலுக்குப் பற்றவில்லை. வாசல்வரை நடந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, கேட்ட மொழியை விட்டு வேறு மொழியில் பதில் சொன்னேன்.

"அரவம் ராது சார்."